காலிப் பெட்டியும் ஒரு கணிப்பொறியும்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையுமே நாம் நினைக்கின்றோம். ஓர் இதழ் அலுவலகத்தின் மேசைமீதும் வரலாறு பிறந்ததுண்டு. செகந்திராபாத் வாழ் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறித் தொழிலில் இருக்கின்றனர். அத்தொழிலின் வரலாற்றில் ஒரு திங்களிதழுக்கும், அதில் உழைத்த ஒருவருக்கும், இரயில் பார்சல் ஒன்றுக்கும் இடமுண்டு. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1954 அக்டோபரில் அமெரிக்காவில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழ் தோன்றியது. வானொலி, ஒலிபெருக்கி முதலியவற்றை வீட்டிலேயே தம் கையால் செய்து மகிழும் அன்பர்களுக்கு உரிய இதழ் அது. இத்தகைய இதழில் ஆசிரியருக்குத் துணைநிற்போரின் பணி எளிதன்று. கதையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் வாசகர் நகைத்து அப்பால் செல்வர். மின்சுற்று வரைபடத்தில் ஓர் எண் பிழைத்தாலோ, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய உறுப்புகள் புகைந்துபோம். ஆகவே, கட்டுரையைச் செப்பனிடுவதோடு நில்லாது, கருவி உண்மையில் இயங்குமா என்றும் ஆராய்தல் வேண்டும்.

ஆர்தர் சால்ஸ்பெர்க் அவ்விதழை நடத்திய காலத்தில் தொழில்நுட்ப ஆசிரியராய் இருந்தவர் லெஸ் சாலமன். 1974 ஜூலையில் போட்டி இதழான 'ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்', வீட்டிலேயே செய்யத்தக்க 'மார்க்-8' கணிப்பொறியை வெளியிட்டது. அதனினும் சிறந்ததொன்றை இவர்கள் நாடினர். நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், கடனில் தவித்த சிறு நிறுவனம் ஒன்றை நடத்திவந்த எட் ராபர்ட்ஸ் அதனைச் செய்ய முன்வந்தார். அவர் செய்த முதல் மாதிரி, 'ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி' வாயிலாக நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டது. அது வந்து சேரவில்லை. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு, 'வந்து சேரவில்லை' என்னும் இரு சொற்களின் சுமை நன்கு தெரியும்.

இதழ் அச்சேறும் நாளோ நெருங்கிற்று. மற்றொன்று செய்ய நேரமில்லை. முகப்பில் விளக்குகளும் விசைகளும் பொருத்திய காலிப் பெட்டி ஒன்றே படத்திற்குக் கிடைத்தது. 1975 ஜனவரி இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்று உலகம் கண்டது அப்பெட்டியைத்தான்!

இது முறையா என்று கேட்கலாம். 397 டாலர் அனுப்பவிருந்த வாசகருக்குப் பெட்டி காலியென்பது தெரியாது. கருவி இயங்காது போயிருப்பின் அப்படம் பொய்யாகவே நின்றிருக்கும்; இதழின் நற்பெயரும் அழிந்திருக்கும். பின்னர் விற்பனைக்கு வந்த கருவிகள் இயங்கின. ஆதலின் வாக்குப் பிழைக்கவில்லை. ஆசிரியர் குழுவினர் பணயம் வைத்தது தாளையும் மையையும் அன்று, வாசகரின் நம்பிக்கையை.

சில நூறு விற்றால் போதுமென்றிருந்த ராபர்ட்ஸுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுகோள்கள் குவிந்தன. அவ்விதழைக் கடையில் கண்ட பால் ஆலன், தம் நண்பர் பில் கேட்ஸிடம் காட்டினார். முன்பே இருந்த 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழியை ஆல்டேரில் இயங்குமாறு இருவரும் அமைத்தனர். 1975 ஏப்ரலில் 'மைக்ரோசாஃப்ட்' பிறந்தது.

சாலமனுக்கும் சிறப்பு வாய்த்தது. 1976இல் வெளிவந்த 'சால்-20' என்னும் கணிப்பொறிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. பிறர் எழுத்தைச் சரிபார்த்தே காலங்கழிப்போருக்கு இத்தகைய பேறு எளிதில் கிட்டுவதன்று.

நம் இளைஞர்களுள் சிலரேனும் தமிழில் இத்தகைய இதழ்ப் பணிக்கு முன்வருதல் வேண்டும். பெயர் அட்டையில் வாராது. எனினும் ஒவ்வோர் எண்ணையும் இருமுறை பாருங்கள். அதனை நம்பிக் காசு செலவிடும் வாசகர் ஒருவர் எங்கோ இருக்கின்றார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!