கள்ளுக் கொட்டிலும் கிற்றாரும்

1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன விஞ்ஞானி அல்பேட் ஹொப்மன் என்பார், தாம் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருள் காணாத வண்ணங்களையும் உருவங்களையும் காட்டவல்லது என்பதைத் தம் உடலிலேயே கண்டறிந்தார். கால் நூற்றாண்டுக்குள் அம்மயக்கம் மேனாட்டு வாலிபரின் இசைக்குள் இறங்கிவிட்டது. ஜிமி ஹென்றிக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கிற்றார் அதற்குக் குரலாயிற்று. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்ரொக் விழாவில் வாசித்த அவர், மறு ஆண்டு செப்ரெம்பரில், தம் 27ஆவது வயதில், லண்டனில் தூக்கமாத்திரை மயக்கத்தில் மாண்டார். வியற்நாம் போருக்கு ஆள் பிடித்த அரசை வெறுத்த ஒரு தலைமுறையின் கதை அது, பன்முறை எழுதப்பட்டுவிட்டது. அதே காலத்தில் வன்னிக் காட்டைத் திருத்திக்கொண்டிருந்த நம் வாலிபர் எதைக் கேட்டுக் கிறங்கினர் என்பதை எழுதியோர் அரியர்.

விசுவமடு, முத்தையன்கட்டு என்னும் பெயர்களைக் கேட்டால் இன்று பலருக்குப் போர்தான் நினைவுக்கு வரும். நமக்கு மிளகாய்ச் செடி நினைவுக்கு வருகிறது. படித்த வாலிபர் திட்டம் என்ற பெயரில் அங்கே காணி வழங்கப்பட்டபோது, உத்தியோகத்துக்கு மனுப்போட்டுச் சலித்தவர்கள் கோடரியும் மண்வெட்டியுமாக வந்திறங்கினர். 1970இற் பதவிக்கு வந்த அரசு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் கட்டுப்படுத்தியமையால் விளைச்சலுக்கு விலை கிடைத்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்த காலமும் அதுவே. ஒரு கதவு சாத்தப்பட, காட்டுப் பக்கத்துக் கதவு திறந்ததென்று எண்ணினோம். பகல் முழுவதும் தோட்டம். இரவிற் பன்றிக்கும் யானைக்கும் காவல். பரணிலே நமக்குத் துணையாயிருந்தது ஒரு ட்ரான்சிஸ்டர் வானொலி.

அந்த வானொலியிலேதான் நித்தி கனகரத்தினத்தைக் கேட்டோம். உரும்பிராய் தந்த அப்பாடகர் நம் வீட்டுப் பேச்சை அப்படியே எடுத்துக் கிற்றாரில் ஏற்றினார். மாமியை மாமியென்றே விளித்துப் பாடலாம், அதற்குத் தேவலோகத்து உவமைகள் வேண்டியதில்லை என்பது நமக்கு ஒரு கண்டுபிடிப்பாகவே இருந்தது. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று கெஞ்சும் அவருடைய பாட்டைப் பனங்கள்ளுப் பிளாவைக் கையிலேந்தியபடியே பாடினோம். தடுக்க வந்த பாட்டே அழைக்கும் பாட்டாயிற்று! ஆயினும் கள்ளினும் மிகுதியாக நம்மை ஆட்டியது தாளம் என்பதே நம் துணிபு. கள்ளில்லாத இரவுகளிலும் அத்தாளத்திற்குப் பரண் அதிர்ந்தது.

அத்தாளத்தின் பிறப்பு சிந்திக்கத்தக்கது. போர்த்துக்கேயர் காலத்திலும் அதன் பின்னரும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் ஆட்டமும், அவர்களை ஆண்டோரின் பாட்டும் கலந்து கபிரிஞ்ஞா ஆயின. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதனைச் சிங்களத்துக்கு இசைவாக்க, பைலா நகரத்துத் தெருக்களைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பொப்பிசை அங்கிருந்தே தன் நடையைப் பெற்றது. ஹென்றிக்ஸின் கிற்றாருக்குப் பின்னாலும் அடிமைகளின் சந்ததியார் பாடிய பாட்டே நின்றது. பருத்தித் தோட்டத்து வேதனையும் புத்தளத்துக் காபிரின் களிப்பும் நம் மிளகாய்த் தோட்டத்தை எட்டியமை சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

ஏ. ஈ. மனோகரன் பெற்ற புகழ் இன்னும் விரிந்தது. அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடல் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையமைப்பில் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் ஏறிற்று. 2018இற் சென்னையில் அவர் காலமானார்.

கற்றோர் சபை இப்பாட்டுக்களை மதித்ததில்லை. 1960களின் தொடக்கத்தில், பேச்சுத் தமிழிற் கதையெழுதியோரை இழிசனர் வழக்கினர் என்று பண்டிதர் பழித்ததும், அதனை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர் வாதாடியதும் வாசகர் அறிந்தவை. பொப்பிசைக்கு அப்படி வாதாட ஒருவரும் முன்வரவில்லை. பண்டிதருக்கு அது கொச்சை. முற்போக்காளர் சிலருக்கோ மேனாட்டு நசிவு. கதையிற் போற்றிய அதே பேச்சைப் பாட்டிலே தள்ளியது என்ன நியாயம்?

மயக்கம் வன்னிக்குப் புதிதுமன்று. முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்த உப்புநீரில் விளக்கெரித்து, வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கும் இரவில், பறையும் உடுக்கும் ஓங்க, காவடி எடுத்தோரும் உருவேறி ஆடுவோரும் தம்மை மறப்பதை நம் பாட்டன்மார் கண்டனர், இன்றும் காண்கின்றோம். அங்கே எந்த இரசாயனமும் இல்லை. கூட்டமாக நின்று, ஒரே தாளத்தில், நாளைய கடனை மறத்தலே அம்மயக்கம். பரணிலிருந்த நால்வருக்கு வானொலி செய்ததும் அதுவே. போருக்குப் பின் வன்னி வாலிபரைத் தேடிவந்த கேரளக் கஞ்சாவும் ஐஸ் என்னும் தூளும் வேறு வகை. அவை ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியனாக்குகின்றன.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மிளகாய் விலை விழுந்தது. தோட்டத்தை விட்டுச் சிலர் மத்திய கிழக்குக்குப் போயினர். வேறு சிலர் இயக்கங்களிற் சேர்ந்தனர். பரண்கள் சரிந்தன. 1990இன் பின் மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் இல்லை. அப்போது சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையாற் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டது வன்னி. பெரும்பாலும் செய்திக்காகவே சுற்றினார்கள். செய்தி முடிந்தபின் எவராவது பழைய கசெற் ஒன்றைப் போடுவதுண்டு. சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் இழுபட்டுத் தாழும். அடுத்தவர் வந்து பெடலைப் பிடித்துக்கொள்வார்.