அஞ்சலில் கசங்காத வாழ்த்து அட்டை: உறையிலிருந்து தொடங்குவது எப்படி?

பெங்களூரு: கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்று அஞ்சல் பெட்டியில் விழுந்த பிறகு அதைக் காப்பாற்ற அனுப்புநரால் எதுவும் செய்ய இயலாது. மற்ற கடிதங்களுடன் சேர்த்து அது கட்டாகக் கட்டப்படும். உலோக முத்திரையால் குத்தப்படும். பைகளில் திணிக்கப்பட்டு ரயிலிலும் வேனிலும் பயணிக்கும். மழைக்காலத்தில் கடைசி ஒரு கிலோமீட்டரில் ஈரமும் படும். அழகாகச் செய்யப்படும் அட்டைகள் பலவும் கிழிந்தோ, அலங்காரம் உதிர்ந்தோ சேர்வதற்கு, இப்பயணத்தைக் கருதாமல் அவற்றை வடிவமைப்பதே காரணம்.

பதிவு அஞ்சல் சேவை 2025-இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது முதல் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் ஏற்பட்டுள்ளது. அக்டோபர் 1, 2025 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 50 கிராம் வரையிலான விரைவு அஞ்சலுக்கு உள்ளூரில் ரூ.19, வெளியூர்களுக்கு ரூ.47 செலுத்த வேண்டும். ஜிஎஸ்டி தனி. பதிவு வசதி வேண்டுமெனில் மேலும் ரூ.5 சேரும். சாதாரணக் கடிதத்துக்கான கட்டணமோ 20 கிராம் வரை ரூ.5 மட்டுமே.

வீட்டிலிருந்து சிறிய அளவில் அட்டை செய்து விற்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. பல வேளைகளில் அஞ்சல் செலவு அட்டையின் விலையையே எட்டிவிடும். சாதாரண அஞ்சலில் கண்காணிப்பு வசதியும் இழப்பீடும் இல்லை. எனவே ஐந்து ரூபாய் அஞ்சல் தலையுடன் செல்லும் அட்டைக்கு அதன் உறுதி ஒன்றே காப்பீடு.

அஞ்சலுடன் பிறந்த பழக்கம்

வாழ்த்து அட்டையின் வரலாறே அஞ்சல் கட்டணத்துடன் தொடர்புடையது. பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னி சீரஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. அதனை நிறுவும் பணியில் பங்கேற்ற ஹென்றி கோல், 1843-இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையை உருவாக்கினார். மலிவான அஞ்சல் கிடைத்த மூன்றே ஆண்டுகளில் அட்டையும் வந்துவிட்டது. பின்னாளில் தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் செழித்ததற்கும் குறைந்த அஞ்சல் கட்டணம் துணைநின்றது.

இன்று நிலைமை மாறி வருகிறது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்ட், 400 ஆண்டுகால கடித விநியோகத்தை 2025 இறுதியுடன் நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியாவில் கடித அஞ்சல் தொடர்கிறது. அச்சிட்ட அட்டைகளின் இடத்தைக் கைபேசிச் செய்திகள் பிடித்துக்கொண்ட போதிலும், கையால் செய்த அட்டைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பெங்களூரு குமார கிருபா சாலையில் 2003 முதல் நடைபெற்றுவரும் ‘சித்ர சந்தே’ போன்ற கலைச் சந்தைகள், கலைஞர்கள் தங்கள் படைப்புகளை நேரடியாக விற்க வழிசெய்கின்றன.

முதலில் எடைக் கணக்கு

அஞ்சலில் செல்லவுள்ள அட்டைக்கு முதல் வரம்பு 20 கிராம். தாளின் தடிமன் ஜிஎஸ்எம் என்ற அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையுள்ளது என்பதே அதன் பொருள். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. அதில் பாதியான ஏ5, 32-இல் ஒரு பங்கு. எனவே தராசு இல்லாமலே எடையைக் கணக்கிட முடியும்.

250 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 அளவில் வெட்டி இரண்டாக மடித்த அட்டையின் எடை 7.8 கிராம். 120 ஜிஎஸ்எம் தாளில் 21 செ.மீ. சதுரமாக வெட்டிச் செய்த உறையின் எடை சுமார் 5.3 கிராம். உள்ளே வாழ்த்து எழுத 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றை ஒட்டினால் மேலும் 2.5 கிராம். மொத்தம் 15.6 கிராம். பசை, அஞ்சல் தலை, அலங்காரம் அனைத்துக்கும் எஞ்சுவது நான்கு கிராமுக்குச் சற்று அதிகம் மட்டுமே.

இவ்வரம்பைத் தாண்டினால் அடுத்த 20 கிராமுக்கு மேலும் ரூ.5 அஞ்சல் தலை ஒட்ட வேண்டும். குறைவாக ஒட்டினால் பற்றாக்குறைத் தொகை பெறுநரிடம் வசூலிக்கப்படக்கூடும். வாழ்த்துப் பெறுபவர் அபராதம் செலுத்தும் நிலை ஏற்படலாகாது என்பதால், சந்தேகம் இருப்பின் அஞ்சலகத்தில் எடை போட்டு அனுப்புவதே நல்லது.

தாள் தேர்வு

பெங்களூருவில் அவென்யூ சாலை, சுல்தான்பேட்டை பகுதிகள் தாள் மற்றும் அழைப்பிதழ் வணிகத்துக்குப் பெயர்பெற்றவை. அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையிலான ஐவரி போர்டு அல்லது கையால் செய்த தாள் ஏற்றது. உறைக்கு 120 ஜிஎஸ்எம் போதுமானது. பள்ளிக் குழந்தைகள் பயன்படுத்தும் மெல்லிய வண்ணத்தாள் உறைக்கு உதவாது. அது மடிப்புகளில் எளிதில் பிளந்துவிடும்.

உறைக்குக் கையால் செய்த தாளையும் பயன்படுத்தலாம். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்படும் இத்தாளின் இழைகள் நீளமானவை. ஆகவே அது மடிப்பையும் இழுவையையும் தாங்கும். பழைய செய்தித்தாளை அரைத்து வீட்டில் செய்யும் தாளின் இழைகள் குட்டையானவை. அது அலங்காரத்துக்கு ஏற்றது, உறைக்கு ஏற்றதன்று.

இந்தியாவில் இக்கைத்தொழிலுக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா முக்கியமானவர். 1934-இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், காந்தியடிகளின் வழிகாட்டுதலில் அவரது பொறுப்பில் இயங்கியது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் அவரது பெயரையே தாங்கியுள்ளது. புதுச்சேரியில் ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959 முதல் செயல்பட்டு வருகிறது.

அட்டையை மடிக்கும் முறை

கெட்டித் தாளை நேரடியாக மடித்தால் மேற்பரப்பு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிக்கும் முன் கோடு பதிக்க வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோலின் ஓரமாக அழுத்தி இழுத்தாலே போதும். மறுபுறம் மேடாக எழும் பக்கம் மடிப்பின் உட்புறம் வருமாறு மடிப்பது சரியான முறை.

ஆலையில் தயாரான தாளுக்கு இழைத் திசை உண்டு. தாளை இரு திசைகளிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், எத்திசையில் எளிதாகச் சுருள்கிறதோ அதற்கேற்ப இழைகள் ஓடுவதை அறியலாம். மடிப்புக் கோடு இழைகளுக்கு இணையாக அமைந்தால் மடிப்பு நேராகவும் உறுதியாகவும் இருக்கும்.

உறை செய்யும் முறை

ஏ5 தாளை மடித்தால் கிடைக்கும் அட்டையின் அளவு 14.8 x 10.5 செ.மீ. இதற்குப் பொருத்தமான உறையை ஒரே ஒரு ஏ4 தாளிலிருந்து செய்யலாம்.

முதலில் 21 செ.மீ. சதுரமாக வெட்டி, இரு மூலைவிட்டங்களையும் மெல்லிய பென்சிலால் வரைய வேண்டும். ஒரு மூலைவிட்டத்தில் மையத்திலிருந்து இருபுறமும் 7.7 செ.மீ. தொலைவிலும், மற்றொன்றில் இருபுறமும் 5.7 செ.மீ. தொலைவிலும் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளி வழியாகவும் அதன் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாகக் கோடு பதித்தால், நடுவில் 15.4 x 11.4 செ.மீ. செவ்வகம் உருவாகும். அதுவே உறையின் முகப்பு.

செவ்வகத்தின் நான்கு மூலைகளுக்கு வெளியே எஞ்சும் சிறு முக்கோணங்களை வெட்டி நீக்க வேண்டும். வெட்டு செவ்வகத்தின் மூலைக்குள் நுழையலாகாது. நுழைந்தால் உறை அங்கிருந்தே கிழியத் தொடங்கும். பின்னர் இடது, வலது மடல்களை உள்ளே மடித்து, கீழ் மடலை அவற்றின் மீது ஒட்ட வேண்டும். மேல் மடல் அட்டையை வைத்த பின் மூடுவதற்கானது. மேல், கீழ் மடல்கள் ஒன்றன்மீது ஒன்று சுமார் 7 செ.மீ. படிவதால் உறையின் முதுகு உறுதியாக அமைகிறது.

அட்டைக்கும் உறைக்கும் இடையே ஆறு முதல் ஒன்பது மி.மீ. இடைவெளி இருப்பது அவசியம். இறுக்கமான உறை ஓரங்களில் பிளக்கும். மிகத் தளர்வானதில் அட்டை நகர்ந்து மூலைகள் மழுங்கும். அட்டையும் உறையும் இணையாகத் தோன்ற, அட்டையில் பயன்படுத்திய வண்ணத்தாளின் ஒரு துண்டை மேல் மடலின் உட்புறம் ஒட்டினாலே போதும்.

பசையும் ஈரமும்

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் சில மணி நேரம் வைத்தால் தாள் அலை அலையாக நெளியாது. மைதா பசை மலிவானது. ஆனால் பூச்சிகளை ஈர்க்கும். புத்தகம் கட்டுவோர் அதில் மயில்துத்தம் கலப்பது இதனால்தான். மயில்துத்தம் நச்சுத்தன்மை உடையது என்பதால் குழந்தைகள் கையாளும் பசையில் அதனைச் சேர்க்கலாகாது. சாதாரண செலோடேப் நாளடைவில் மஞ்சளாகி உரிந்துவிடும். ஸ்டேப்ளர் ஊசி மற்றவர்களின் கடிதங்களைக் கிழிப்பதுடன் பிரிப்போரின் கைகளிலும் குத்தும்.

அலங்காரம் எங்கே இருக்க வேண்டும்?

முத்திரை குத்தப்படும்போது உடைவதும், கட்டும்போது உறையைத் துளைப்பதும் மேடான அலங்காரங்களே. கண்ணாடிக் கல், பொத்தான், சுருள்தாள் வேலைப்பாடு ஆகியவை சாதாரண அஞ்சலுக்குப் பொருந்தா. அச்சுக்கட்டை ஓவியம், தாள் வெட்டு, நூல் தையல், வண்ணக் கோலம் போன்ற தட்டையான வேலைகள் பத்திரமாகச் சேரும். எழுச்சி வேண்டுமெனில், மூடும்போது தட்டையாகவும் திறக்கும்போது எழுந்து நிற்பதாகவும் உள்ள மடிப்பு வடிவங்களை உட்புறம் அமைக்கலாம்.

மேடான அலங்காரத்தைத் தவிர்க்க இயலாவிடில், அட்டையின் அளவில் கெட்டியான பழுப்பு அட்டை ஒன்றை உடன் வைக்கலாம். 600 ஜிஎஸ்எம் அட்டை ஏறக்குறைய 9 கிராம் கூட்டும். மொத்த எடை 25 கிராமை நெருங்குவதால் ரூ.10 அஞ்சல் தலை தேவைப்படும். உறையையும் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது விதைத்தாள், உலர்மலர் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. பல நாடுகளின் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் அவற்றை அனுமதிப்பதில்லை.

முகவரி

பல ஜெல் பேனாக்களின் மை நீர் பட்டால் கலையக்கூடும். முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, உலர்ந்தபின் அதன்மீது வெள்ளை மெழுகுவத்தியை மெல்லத் தேய்த்தால் ஈரம் பட்டாலும் எழுத்து நிற்கும். அடர்வண்ண உறையில் வெள்ளைத் தாளை ஒட்டி எழுத வேண்டும். அஞ்சல் தலைக்கு வலது மேல்மூலையில் இடம் விட்டு, அங்கே எந்த அலங்காரமும் செய்யாதிருப்பது நல்லது.

1972-இல் அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தெளிவாக எழுதுவது அவசியம். முதல் இலக்கம் 5 எனில் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவையும், 6 எனில் தமிழ்நாடு, கேரளத்தையும் குறிக்கும். பெங்களூருவிலிருந்து தமிழில் முகவரி எழுதி அனுப்புவோர் ஊர்ப்பெயரையும் மாநிலத்தையும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதினால் பிரிப்புப் பணி எளிதாகும். அனுப்புநர் முகவரி இருந்தால் மட்டுமே சேராத அட்டை திரும்பி வரும்.

விற்பனைக்காக அட்டை செய்வோர், புதிய வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மாதிரியைத் தம் முகவரிக்கே ஒன்றும், வெளியூரில் உள்ள உறவினருக்கு ஒன்றும் சாதாரண அஞ்சலில் அனுப்பிப் பார்க்கலாம். பத்து ரூபாய்ச் செலவில் எந்த மூலை மழுங்கியது, எந்த மடல் உரிந்தது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு நூறு அட்டைகளைச் செய்வதே முறை.