கல்லுடைப்பவர்கள்

குஸ்தாவ் கூர்பேயின் ‘கல்லுடைப்பவர்கள்’ ஓவியத்தை நான் பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கப்போவதுமில்லை. 1945 பிப்ரவரியில், டிரெஸ்டன் ஓவியக்கூடத்துப் படங்களைப் பத்திரமான இடத்துக்கு லாரியில் கொண்டுபோகையில் குண்டுவீச்சில் அது எரிந்துபோயிற்று. புகைப்படப் பிரதிகள்தான் மிச்சம். அப்படியொரு கறுப்பு வெள்ளைப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, பல வருஷங்களுக்கு முன்பு, நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன்: உழைப்பவனின் முகத்தைக் காட்டாத ஓவியன் அவனை மனிதனாக மதிக்கவில்லை என்று. அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தில் இரண்டே பேர். கிழவன் ஒரு முழங்காலை மண்டியிட்டுச் சுத்தியலை ஓங்கியிருக்கிறான். வைக்கோல் தொப்பியின் நிழல் முகத்தை விழுங்கிவிட்டது. பையன் நமக்கு முதுகைக் காட்டியபடி, கற்கூடையைத் தொடையில் முட்டுக்கொடுத்துத் தூக்குகிறான். கிழிந்த சட்டை, கால்சராயைப் பிடித்து நிற்கும் தோள் வார். பின்னால் இருண்ட குன்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேல் வலது மூலையில் மட்டும் துண்டு வானம். அதற்கு நேர் கீழே, தரையில், இவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரமும் கரண்டியும்.

1849 நவம்பரில் நண்பர் பிரான்சிஸ் வேக்கு எழுதிய கடிதத்தில் கூர்பே இந்தப் படம் பிறந்த கதையைச் சொல்கிறான். சொந்த ஊரான ஓர்நானுக்குப் பக்கத்தில் வண்டியில் போகிறபோது சாலையோரம் இந்த இருவரையும் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறான். வறுமை இத்தனை முழுமையாகக் கண்ணில் படுவது அபூர்வம் என்று தோன்றியதாம். மறுநாளே தன் ஓவியக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டான். ஆக, சாலையோரக் காட்சி என்று நாம் நம்புவது அறைக்குள் நிற்கவைத்து வரைந்தது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. யதார்த்தவாதம் பற்றி நமக்குள்ள குழந்தைத்தனமான எதிர்பார்ப்பு அது. நிறுத்தி, அழைத்து, கூலி வேலையின் ஒரு அசைவை மணிக்கணக்கில் உறையவைத்துத்தான் அவனால் பார்க்க முடிந்திருக்கிறது.

அதே கடிதத்தில் கிழவனின் காலுறை ஒரு காலத்தில் நீலமாக இருந்தது, வெடித்த மரச்செருப்புக்குள்ளிருந்து குதிகால் தெரிகிறது என்றெல்லாம் குறிக்கிறான். இந்தத் தொழிலில் பையனாகத் தொடங்குகிறவன் இந்தக் கிழவனாகத்தான் முடிவான் என்று வருந்தவும் செய்கிறான். கடிதத்தில் இரக்கம் இருக்கிறது. திரைச்சீலையில் அது இல்லை. துணிக்கும் கல்லுக்கும் தோலுக்கும் ஒரே கவனம், ஒரே கனம். கடிதத்துக்கும் படத்துக்கும் நடுவில் அவன் எதையோ விட்டிருக்கிறான். அது எது என்பதுதான் இத்தனை காலம் கழித்தும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

படம் பாரீஸ்காரர்களின் பார்வைக்கு வந்தது 1850 டிசம்பர் கடைசியில் அங்கே தொடங்கிய ஸலோன் கண்காட்சியில். அதற்குள் நுழைந்ததே ஒரு வேடிக்கை. 1849 ஸலோனில் கூர்பேக்குத் தங்கப்பதக்கம் கிடைத்திருந்தது. அதனால் அடுத்து வரும் படங்களைத் தேர்வுக்குழு நிராகரிக்க முடியாது. வந்த படமோ 5 அடிக்கு மேல் உயரம், 8 அடிக்கு மேல் அகலம். அந்த அளவு சரித்திர புருஷர்களுக்கும் தேவதைகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. காலமும் சாதாரணக் காலமல்ல. 1848 ஜூனில் பாரீஸ் தொழிலாளர்களின் கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்திருந்தது. 1850 மே மாதச் சட்டம், ஒரே இடத்தில் மூன்று வருஷம் வசித்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அப்படிப் போனார்கள். சாலையோரத்தில் கல்லுடைத்துப் பிழைப்பவனை ஆளுயரத்தில் நிறுத்தினால் அந்த ஜன்மங்களுக்கு எரிச்சல் வராதா?

எதிரிகளைவிட நண்பர்கள்தான் படத்துக்கு அதிகம் தீங்கு செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். புரூதான் 1865ல், அவர் இறந்தபின் வெளியான கலை பற்றிய புத்தகத்தில், இதை இயந்திர நாகரிகத்தின் மீதான அங்கதம் என்கிறார்: எத்தனையோ யந்திரங்களைக் கண்டுபிடித்த மனிதனால் இந்தக் கேவலமான வேலையிலிருந்து மனிதனை விடுவிக்க முடியவில்லையே என்று. விவசாயிகள் இதைக் கோயில் பீடத்துக்கு மேல் மாட்டிவைக்க விரும்பினார்கள் என்றும் சொல்கிறார். கருத்து தப்பில்லை. ஆனால் படம் அந்தக் கருத்துக்கு உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது. கிழவனுக்குப் பதில் வேறொரு கிழவன் இருந்தாலும் போதும். நம்முடைய முற்போக்கு அட்டைப்பட உழைப்பாளிகள், முறுக்கிய புஜமும் தூரத்தை நோக்கும் கண்ணுமாக நிற்பவர்கள், இந்த வழியில் வந்தவர்கள்தான். மில்லேயின் ‘கதிர் பொறுக்குபவர்கள்’ (1857) படத்தில்கூட அடிவானத்து ஒளி அந்தப் பெண்களை லேசாகப் புனிதப்படுத்திவிடுகிறது.

முகம் இருந்திருந்தால் நாம் அதில் துயரத்தைத் தேடியிருப்போம். தேடினால் கிடைத்திருக்கும், கிடைத்த திருப்தியில் அடுத்த படத்துக்கு நகர்ந்திருப்போம். கூர்பே அந்த இருவரையும் சாலையோரத்தில் கண்டு வரவழைத்தவன். அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரிந்ததாக அவன் பாவனை செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்தவை குதிகால், சுத்தியல், கூடையின் பாரம் இறங்கும் தொடை. அதோடு நிறுத்திக்கொண்டான். கடிதத்துக்கும் படத்துக்கும் நடுவில் விட்டது, அவர்களுக்காகப் பேசும் உரிமையை என்று இப்போது நினைக்கிறேன். நண்பர்கள் மறுக்கலாம்.

அந்தக் காலுறையைப் பிரதிகளில் தேடினேன். வண்ணப் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் பழுப்பு, இன்னொன்றில் பச்சை கலந்த சாம்பல். நீலம் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.