"உடம்புக்கு என்னப்பா?": பொடி உணவின் கதை

இந்த எபிசோட் ஸ்ரீமுஷ்ணத்துல ஆரம்பிக்குது. அங்க பூவராகப் பெருமாள் கோயில்ல முஸ்தாபி சூரணம்னு ஒரு பிரசாதம் உண்டு. கோரைக்கிழங்கைப் பொடியாக்கி, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடிச்சது. வராகம் மண்ணைக் கிளறித் தின்கிற கிழங்கு அது, அதனால அதுவே நைவேத்தியம்.

அதை வாயில போட்டுக்கிட்டு வெளியே வந்தப்போ பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. வேண்டாம்னேன். மூணு வாரமா மதியச் சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு ஊட்டச்சத்துப் பொடியை ஷேக்கர்ல கலக்கிக் குடிச்சிட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவங்க கேட்டது ஒரே கேள்விதான்: "உடம்புக்கு என்னப்பா?"

சிரிச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி சரியான கேள்வி. பொடி உணவோட வரலாறே அதுக்குள்ள இருக்கு.

1873-ல் ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற இரண்டு சகோதரர்கள் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்கினாங்க. கோதுமை, முளைகட்டிய பார்லி, பிறகு பால். எல்லாத்தையும் காயவெச்சு, தண்ணீர்ல கரையுற பொடியா மாத்தினாங்க. முதல் இலக்கு குழந்தைகளும் நோயாளிகளும். கெடாது, கனமில்ல என்பதால துருவப் பயணிகளும் எடுத்துட்டுப் போனாங்க. இவங்க எல்லாருக்கும் பொதுவான விஷயம் ஒண்ணுதான்: சாதாரணச் சாப்பாடு அந்த நேரத்துல அவங்களுக்குச் சாத்தியமில்ல.

ஆனா நோயாளி குணமாயிடுவார், குழந்தை வளர்ந்துடும். வியாபாரம்? 1930-களில் ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி'ன்னு ஒரு புதுப் பிரச்சினையைக் கண்டுபிடிச்சது. நல்லாத் தூங்கி எழுந்தும் களைப்பா இருக்கா? ராத்திரி உங்க உடம்பு பட்டினி கிடக்குது! இப்படித்தான் திடமா இருக்கிறவங்களும் வாடிக்கையாளர் ஆனாங்க. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போற வழக்கமும், ஸ்கூலுக்குக் கிளம்புற பிள்ளைக்கு அதையே கலக்கிக் குடுக்கிற வழக்கமும் ஒரே பாட்டில்ல இருந்து வந்ததுதான்.

2013-ல் இது நம்ம இனத்துக்கே வந்துச்சு. ராப் ரைன்ஹார்ட், சான் பிரான்சிஸ்கோ, படிச்சது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். சமையல், பாத்திரம், நேரம் எல்லாம் வீண்னு முடிவு பண்ணி, சத்துகளைத் தனித்தனிப் பொடியா வாங்கிக் கலந்து, 30 நாள் அதையே குடிச்சார். அதுதான் சாய்லன்ட். சாப்பாட்டை ஒரு பக் மாதிரிப் பார்த்துட்டு ஃபிக்ஸ் பண்ணிட்டார்.

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்க பிரச்சினை நேரமின்மை இல்ல, பசி. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்குச்சு. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டாங்க. எடை சரியா ஏறாத குழந்தைக்கு மட்டும் தினமும் சத்துமாவு உருண்டை. சுமார் 90 நாள். எடை ஏறிடுச்சுன்னா நிறுத்திடுவாங்க. அம்மாவுக்கு வீட்டுச் சாப்பாட்டையே எப்படிக் குடுக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க.

கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும்: அந்த லூப்புக்கு எக்ஸிட் கண்டிஷன் இருந்துச்சு.

ரெண்டே வருஷத்துல, 1982 ஜூலை 1, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி. அதாவது ஊருக்கு ஊர் அடுப்பு, ஆயா, தட்டு. பொடி பாக்கெட்டை விநியோகம் பண்றதோட ஒப்பிட்டா இது தலைவலி பிடிச்ச லாஜிஸ்டிக்ஸ். ஆனாலும் சாப்பிட முடியுற பிள்ளைக்கு அரசு சோறுதான் போட்டுச்சு. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தப்பவும் உப்புமா, பொங்கல், கிச்சடிதான்.

பொடியும் காணாமப் போகல. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த சத்துமாவை மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்குது. அங்கன்வாடி வழியா அது சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் போகுது. பொடிக்கு ஒரு வேலை இருக்கு. அது யாருக்கு, எதுவரைக்கும்னு தெளிவா இருக்கு.

சந்தையில அந்தத் தெளிவு இல்ல. 2024 ஏப்ரல்ல ஒன்றிய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு ஒரு அறிவுரை அனுப்புச்சு: இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவுல இருந்து எடுங்க. காரணம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகைக்கு வரையறையே கிடையாது.

ஊர்ல இருந்து வந்ததும் என் ஆப்பைத் திறந்து பார்த்தேன். மாசா மாசம் தானா புதுப்பிக்கிற சந்தா. முடியுற தேதிக்குன்னு ஒரு கட்டம்கூட இல்ல. நிறுத்திட்டேன். மிச்சம் இருக்கிற டப்பாவைத் தூக்கிப் போடல. ரிலீஸ் இருக்கிற ராத்திரிக்கு ஆகும். மதியம் மட்டும் ரெண்டு மணிக்கு காலண்டரை பிளாக் பண்ணிட்டு, டீம் பசங்களோட கீழ மெஸ்ஸுக்குப் போறேன். முதல் நாள் திரும்பி வர ஐம்பது நிமிஷம் ஆச்சு. யாரும் தேடல.