பின்சக்கரத்தின் நியாயம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவான அவ்வகைக் கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் அமைந்திருக்கும். அந்தப் பின் டிரம்மைக் கழற்றிவிட்டு அங்கும் டிஸ்க் பொருத்துவது நன்றா, தீதா என்பதே வழக்கு. மாற்ற வேண்டும் என்போர் பாதுகாப்பைச் சொல்கின்றனர். மாற்றலாகாது என்போர் பழமையைச் சொல்கின்றனர். எதிரெதிரே நிற்கும் இவ்விரு தரப்பாரும் பெரும்பாலும் ஒன்றில் உடன்படுகின்றனர். டிஸ்க் உயர்ந்தது, டிரம் தாழ்ந்தது. அன்றைய பொறியாளர்கள் சிக்கனம் கருதியோ அறியாமலோ தாழ்ந்ததைப் பின்னே வைத்துவிட்டனர் என்பதே அந்த உடன்பாடு. வரலாற்றை விரித்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் இரண்டின் இயல்பையும் நினைவுபடுத்திக்கொள்வோம். நம்மூர் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்னும் இதே அமைப்பைக் காணலாம். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் ஒரு குடம். அதனுள்ளே பிறைவடிவான இரண்டு ஷூக்கள் விரிந்து உட்சுவரை உரசும்போது சக்கரம் நிற்கிறது. சுழற்சியின் போக்கிலேயே ஒரு ஷூ சுவரை நோக்கி மேலும் இழுக்கப்படுவதால், காலால் சிறிதே மிதித்தாலும் பெருவிசை கிடைக்கிறது. குறை என்னவெனில், உராய்வில் பிறக்கும் வெப்பம் குடத்துக்குள்ளேயே அடைபட்டுவிடும். சூடேறிய குடம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். மிதி ஆழ இறங்கும், வண்டி நில்லாது. டிஸ்க் என்பதோ வெளியே காற்றில் சுழலும் ஒரு தகடு. இருபுறமிருந்தும் இரண்டு பேடுகள் அதனைக் கவ்வுகின்றன. வெப்பம் காற்றில் கலைந்துவிடும். தகடு விரிந்தாலும் பேடை நோக்கியே விரியும். ஆயின் டிரம்மைப்போல் தன் விசையைத் தானே பெருக்கிக்கொள்ளும் இயல்பு இதற்கில்லை. மிகுந்த அழுத்தம் தரவேண்டும்.

இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1902இல் இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் டிரம் பிரேக்கை அமைத்தவராக அறியப்படுபவர் பிரான்சின் லூயி ரெனோ. லான்செஸ்டரின் அமைப்பில் செம்பு, இரும்புத் தகட்டை உரசியது. அதன் கீச்சொலி பொறுக்கவியலாததாக இருந்தது. புழுதிச் சாலைகளில் செம்பும் விரைந்து தேய்ந்தது. தன் உறுப்புகளைத் தன்னுள்ளே மூடிவைத்துக்கொண்ட டிரம்மே அக்காலச் சாலைகளுக்குப் பொருந்தியது. ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் அது கோலோச்சியது. டிஸ்க்கை மீட்டெடுத்தது வானூர்தி எனலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மிகுந்த வேகத்தில் தரையிறங்கும் கனத்த விமானங்களை நிறுத்தும் தேவை அதற்குப் புத்துயிர் அளித்தது. விமானச் சக்கரங்களுக்கு பிரேக் செய்த டன்லப் நிறுவனம் போருக்குப்பின் ஜாகுவார் நிறுவனத்தோடு கைகோத்தது.

1952இல் பிரான்சின் ரேம்ஸ் நகரில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் காரை ஓட்டி ஸ்டர்லிங் மாஸ் வென்றார். மறு ஆண்டு லு மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் வந்தது. அத்தடத்தில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்ச்சாலை இருந்தது. அதன் முடிவில் கூரிய வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகத்திலிருந்து வேகத்தைக் குறைத்தாக வேண்டும். டிரம் பூட்டியோர் பிரேக்கைக் காப்பாற்றிவைக்கும் பொருட்டு முன்கூட்டியே மிதிக்க நேர்ந்தது; ஜாகுவார் ஓட்டுநர்கள் வளைவை நெருங்கும்வரை மிதிக்காமல் சென்றனர். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வென்றனர். 1951இல் இதே சி-டைப் வென்றபோது சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 1953இல் அது 170. வேகமாகச் செல்வதற்கு இயந்திரத்தைவிட நிறுத்தும் ஆற்றலே துணைநின்றது என்று உலகம் உணர்ந்த நாள் அது.

அந்த வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. 1955 ஜூன் 11ஆம் நாள், அதே தடத்தில், மைக் ஹாத்தார்னின் ஜாகுவார் டி-டைப் பழுதுபார்க்கும் இடத்துக்குச் செல்லும்பொருட்டு வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த லான்ஸ் மாக்ளினின் ஆஸ்டின்-ஹீலி இடப்பக்கம் விலகியது. அதன்மீது பியேர் லெவெக் ஓட்டிவந்த மெர்சிடிஸ் மோதிப் பறந்து கூட்டத்தின் நடுவே விழுந்தது. லெவெக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். ஜாகுவாரிலும் ஆஸ்டின்-ஹீலியிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க். மெர்சிடிஸில் டிரம், அதற்குத் துணையாக ஓட்டுநரின் பின்னே காற்றை எதிர்த்து எழும்பும் ஒரு பெரிய பலகை. விபத்துக்கு பிரேக்கே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. விசாரணை எந்த ஓட்டுநர்மீதும் குற்றம் சுமத்தவில்லை. தடத்தின் அமைப்பையே குறைகூறியது. எனினும் நிற்கும் திறனில் பெரிதும் வேறுபட்ட வண்டிகள் ஒரு குறுகிய பாதையில் ஓடின என்னும் உண்மையைப் பிற்காலத்தார் மறக்கவில்லை. பிரேக்கின் வலிமை தனித்து நின்று காப்பதில்லை. அது எதனோடு பொருந்தி நிற்கிறது என்பதும் சேர்ந்தே காக்கிறது.

இந்தப் பொருத்தத்தை ஒரே வண்டிக்குள் நாடியவர்களே பின்சக்கரத்தில் டிரம்மை விட்டுவைத்தவர்கள். 1956இல் டிரையம்ப் டிஆர்3 கார் முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் பெற்றது. 1959இல் எம்ஜிஏ 1600 காரும், 1962இல் எம்ஜிபி காரும் அவ்வழியே வந்தன. இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எம்ஜி நிறுவனத்தாரே 1958இல் எம்ஜிஏ டுவின்-கேம் காருக்கு நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க் பொருத்தியிருந்தனர். அதனை அறிந்தும் எம்ஜிபியின் பின்னே டிரம்மையே வைத்தனர். 1980இல் உற்பத்தி முடியும்வரை, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களில், அதனை மாற்றவில்லை. 1973இல் எட்டு சிலிண்டர் இயந்திரம் ஏறியபோதும் மாற்றவில்லை. ஆகவே இதனை அறியாமை என்று சொல்லவியலாது.

காரணம் எடைக்கணக்கில் இருக்கிறது. ஓடும் வண்டியை நிறுத்த முனையும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார், முன்பின் சக்கரங்களுக்கிடையே 2.3 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் எனக் கொள்வோம். நிற்கையில் முன்னும் பின்னும் ஐந்நூறு ஐந்நூறு கிலோ. புவியீர்ப்பு விசையில் பத்தில் எட்டுப்பங்கு அளவுக்கு பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 174 கிலோ முன்னே நகர்ந்துவிடும். அப்போது முன்சக்கரங்களில் 674 கிலோ. பின்சக்கரங்களில் 326 கிலோ. மூன்றில் ஒரு பங்கு பாரமே தாங்கும் பின்சக்கரம் செய்யக்கூடிய வேலையும் அவ்வளவே. அதற்குமேல் அதனை இறுக்கினால் சுழற்சி நின்று சாலையில் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாது, நேரே செல்லும். பின்சக்கரம் முந்தி வழுக்கினாலோ வண்டியின் பின்புறமே முன்னால் சுற்றி வந்துவிடும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை இடுவோரிடம் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதைவிட எந்தச் சக்கரத்தை எப்போது இறுக்குவது என்பதே அவர்தம் கலை என்பார்கள். சிறு வேலைக்குச் சிறு டிரம் போதும். கைபிரேக்கும் அதில் எளிதாய் அமைந்துவிடும். விலை குறைவு என்பதும் ஒரு காரணமே. அது மட்டுமே காரணம் அன்று. 1965இல் பந்தயத்துக்கெனவே உருவான ஷெல்பி ஜிடி350 காரிலும் முன்னே டிஸ்க், பின்னே அகன்ற டிரம்தான். அவ்வாண்டு முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் தன் பிரிவில் பட்டம் வென்றது அக்கார்.

நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் வைத்தவர்களுக்கும் இடர்கள் இல்லாமலில்லை. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்தன. அவ்வெப்பம் எண்ணெய் சீல்களை வாட்டியது; கசிந்த எண்ணெய் தகட்டின்மேல் படிந்தது. 1965இல் செவர்லே கார்வெட் நான்கு டிஸ்க் பெற்றபோது கைபிரேக்குக்காகப் பின் டிஸ்க்கின் நடுவே ஒரு சிறிய டிரம்மை ஒளித்துவைத்தனர். டிரம்மை நீக்கிய இடத்திலேயே ஒரு டிரம் தேவைப்பட்டது என்பது சுவையான செய்தி. அக்கார்களைப் பல மாதங்கள் ஓட்டாது நிறுத்திவைத்தபோது காலிப்பரின் உட்சுவர் அரித்துக் கசிந்தது. பிற்காலத்தில் அதனுள் துருவேறா எஃகுக் குழலைச் செருகிச் சீர்செய்தனர்.

இவ்வளவையும் அறிந்தபின் வழக்குக்கு மீள்வோம். பின் டிஸ்க் மாற்றம் வீண்வேலை என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. பந்தயத்தடத்தில் சுற்றுக்குமேல் சுற்றாக ஓட்டுவோருக்கும், மலைச்சாலையில் நெடுந்தொலைவு இறங்குவோருக்கும், மூலத்தினும் வலிய இயந்திரம் பூட்டியோருக்கும் அதனால் உண்மையான பயன் உண்டு. நனைந்தபின் விரைந்து உலர்வதும், பேடுகளை எளிதாய் மாற்றலாம் என்பதும் பிற பயன்கள். அமெரிக்காவில் 1977இல் வெளிவந்த லிங்கன் வெர்சாய் என்னும் சொகுசுக் காரின் டிஸ்க் பொருத்திய பின்னச்சைப் பழைய மஸ்டாங் கார்களுக்கு மாற்றிப் பூட்டியோர் பலர். ஆனால் நான்கு திருகாணிகளை முடுக்குவதோடு அவ்வேலை முடிவதில்லை. டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரின் வழியில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு இருக்கக்கூடும். அதனை அப்படியே விட்டால் பேடுகள் ஓயாமல் தகட்டை உரசி எரியும். காலிப்பருக்கு டிரம்மைவிட மிகுதியான பிரேக் ஆயில் வேண்டும்; சிலிண்டரின் அளவு பொருந்தவில்லையெனில் மிதி ஆழ இறங்கும். கைபிரேக்குக்கு வழி காணவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்சக்கரம் முந்தி வழுக்காதபடி அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வை அமைத்து, ஆளில்லாத பரப்பில் ஓட்டிச் சோதிக்கவேண்டும். பொலிவான தகட்டைச் சக்கரத்தின் ஆரங்களினூடே கண்டு மகிழ்வதற்காக இக்கணக்கைப் புறக்கணித்தால், பழைய டிரம் தந்த பாதுகாப்பும் கைநழுவிப்போகும்.

பழமையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றங்களை அறவே விலக்கவில்லை. தேவையான மாற்றத்தை அடக்கமாகவும் மீட்டெடுக்கத் தக்கதாகவும் செய்க என்றும், கழற்றிய மூல உறுப்புகளைப் பேணுக என்றும் அது அறிவுறுத்துகிறது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தோர் தாம் திருத்திய இடத்தில் மூலபாடத்தையும் அடிக்குறிப்பாகத் தந்ததை நண்பர்கள் அறிவார்கள். அவ்வொழுக்கமே இங்கும் வேண்டப்படுகிறது.

அச்சை அறுக்காமல், புதுத்துளை இடாமல் பொருத்தக்கூடிய முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கழற்றிய டிரம்மையும் ஷூவையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து வண்டியோடு சேர்த்தே கைமாற்றலாம். எந்தச் சிலிண்டர், எந்த வால்வு, எந்த நாளில் மாறியது என்று ஒரு தாளில் எழுதியும் வைக்கவேண்டும். நாற்பதாண்டு கழித்து அந்த வண்டியின் அடியில் படுத்து பிரேக்கைப் பழுதுபார்க்கப்போகும் ஒருவருக்கு, தான் கையாள்வது எவருடைய கணக்கு என்று தெரிந்திருப்பது நல்லது. அவர் உயிரும் அதையே நம்பியிருக்கிறது.