மெழுகுவர்த்தித் திருநாள்

மெழுகுவர்த்தித் திருநாள், ஐரோப்பாவில் குளிர் தணியத் தொடங்கும் பிப்ரவரி 2 அன்று வரும் கிறிஸ்தவ விழா. மந்திரித்த மெழுகுவர்த்திகளை ஏந்தி மக்கள் பவனி வருவார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. ரோமரின் லூப்பர்காலியா என்னும் பழஞ்சமயச் சடங்கை ஒழிக்கவே திருச்சபை இதை ஏற்படுத்தியது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். விழாவின் தேதி நகர்ந்த வரலாறு இதற்கு இடம் கொடுப்பதில்லை.

மோசேயின் சட்டப்படி, ஆண் குழந்தை பெற்ற தாய்க்கு நாற்பதாம் நாளில் தீட்டுக் கழியும். அந்த வேளையில் இயேசுவை எருசலேம் கோவிலுக்குக் கொண்டுவந்ததாக லூக்கா எழுதுகிறார். 380களில் எருசலேம் சென்ற எகேரியா என்ற பெண் பயணி, அங்கே இவ்விழா நடந்ததைப் பதிவு செய்துள்ளார். மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் பேசவில்லை. கிறிஸ்து பிறப்பை அங்கே ஜனவரி 6இல் கொண்டாடியதால், நாற்பதாம் நாள் பிப்ரவரி 14இல் விழுந்தது. டிசம்பர் 25 ஏற்கப்பட்டபின் அதே கணக்கு பிப்ரவரி 2க்கு வந்தது. 542இல் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டிநோபிளில் அந்நாளை உறுதிப்படுத்தினார். லூப்பர்காலியாவோ பிப்ரவரி 15. அதை விரட்டுவதுதான் நோக்கம் என்றால், முந்தைய நாளில் இருந்த விழாவை எதற்காகப் பன்னிரண்டு நாள் விலக்கி வைக்க வேண்டும்? ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லூப்பர்காலியாவைக் கடுமையாகச் சாடிய போப் கெலாசியுஸின் மடலிலும் இவ்விழாவைப் பற்றிப் பேச்சில்லை. ரோமில் இதற்குப் பவனி ஏற்படுத்தியவர் இருநூறு ஆண்டு கழித்து வந்த போப் செர்ஜியுஸ். விளக்குக்குக் காரணம் தேட ரோமரிடம் போகவும் வேண்டாம்: குழந்தையைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன் அதைப் பிற இனத்தாருக்கு ஒளி என்று வாழ்த்தியதை லூக்காவே சொல்கிறார்.

725 வாக்கில் எழுதிய ஆங்கிலேயத் துறவி பீட், ரோமரின் பிப்ரவரித் தூய்மைச் சடங்கை மாற்றியே மெழுகுவர்த்திப் பவனி வந்தது என்கிறாரே என்று கேட்கலாம். பீட் பெரிய அறிஞர்தான். ஆனால் விழா பிறந்து மூன்றரை நூற்றாண்டுக்குப் பின், ரோமுக்கு வெகு தொலைவிலிருந்து எழுதியவர். அவர் பேசுவதும் லூப்பர்காலியாவைப் பற்றியல்ல.

அயர்லாந்தின் பிப்ரவரி 1 வேறு கதை. அங்கே அது இம்போல்க் என்னும் வசந்தத் தொடக்க நாள். செம்மறி ஆடுகளில் பால் கறக்கத் தொடங்கும் பருவம். புனித பிரிஜித்தின் திருநாளும் அதே நாள்தான். 900ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த கோர்மக் சொற்களஞ்சியம் பிரிஜித் என்ற பெயரில் புலவர்கள் வணங்கிய ஒரு தெய்வத்தைக் குறிப்பிடுவதால், பழஞ்சமயத் தொடர்ச்சியை இங்கே மறுப்பது கடினம். அந்தத் தொடர்ச்சி விளக்குக்கும் உண்டா என்பது தனிக் கேள்வி. பிரிஜித்தின் மடம் இருந்த கில்டேரில் கன்னியர் அணையா நெருப்பைக் காத்ததாக வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதியது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில். கிறிஸ்தவம் அயர்லாந்தில் வேரூன்றிப் பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. இம்போல்க்கைச் சொல்லும் பழைய ஐரிஷ் கதைகளில் பால் இருக்கிறது, தீபம் இல்லை.