கவர்னர் வெளியிட்ட ரகசியம்

கோடைக்கானலுக்குப் போய் வருகிறவர்கள் ஏரியைப் பற்றிச் சொல்கிறார்கள். குறிஞ்சிப் பூவைப் பற்றிச் சொல்கிறார்கள். பேரிக்காய் விலையைப் பற்றியும் சொல்கிறார்கள். 1860-ல் அங்கே வந்து போன ஒரு கவர்னரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஏரி வெட்டவில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஏரியை அமைத்தவர் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச்; அது 1863-ல். கவர்னர் வந்தபோது அங்கே 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் கட்டிக்கொண்ட பங்களாக்களும், மதுரை அதிகாரிகளின் வீடுகள் சிலவும்தான் இருந்தன. பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ மலையேற வேண்டும்.

வந்தவர் சர் சார்லஸ் ட்ரெவிலியன். அந்த வருஷமே அவருடைய உத்தியோகம் போயிற்று. போனதற்குக் காரணம் ஒரு வரி. அந்த வரியைப் பற்றி அவர் வெளியிட்ட சர்க்கார் காகிதம்.

இந்த மனிதர் சாமானியர் அல்லர். மெக்காலே பிரபுவின் தங்கையை மணந்தவர். பத்தொன்பது வருஷம் லண்டன் கஜானா இலாகாவில் கோலோச்சியவர். அயர்லாந்துப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது கஜானாவின் முடிச்சை இறுக்கிப் பிடித்தார் என்ற கெட்ட பெயர் அவருக்கு இன்றளவும் உண்டு. அது நியாயமான பெயர் என்றே நான் நினைக்கிறேன். 1854-ல் நார்த்கோட் என்பவரோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார். சிபாரிசினால் அல்ல, பரீட்சையினால்தான் சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. இன்று நம் பிள்ளைகள் விடிய விடியக் கண் விழித்துப் படிக்கும் பரீட்சைகளுக்கெல்லாம் அதுவே ஒரு மூலபுருஷன். சர்க்கார் ஊழியன் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னவரே ஊழிய விதியை மீறினார் என்பதுதான் இந்தக் கதையின் ருசி. 1843-லேயே அயர்லாந்து விவகாரத்தைப் புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதி மேலதிகாரிகளிடம் வசவு வாங்கியவர் அவர். பழக்கம் பழையது.

1857 கலகத்தை அடக்கிய செலவு கல்கத்தா கஜானாவைக் காலி செய்திருந்தது. அதை நிரப்ப இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் வில்ஸன் வந்தார். 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர் அவர்தான். 1860 பிப்ரவரி 18-ம் தேதி, இந்தியா அதுவரை அறியாத வருமான வரியை அவர் முன்மொழிந்தார். வருஷம் 200 ரூபாய் வருமானம் உள்ளவனும் கட்ட வேண்டும். 500 வரைக்கும் நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேலே நூற்றுக்கு நான்கு. வியாபாரி தன் கணக்கை எப்படியோ மறைத்துக்கொள்வான். சர்க்கார் குமாஸ்தாவுக்கு அந்த வழியும் இல்லை; சம்பளம் கொடுக்கிற கையே வரியையும் பிடித்துக்கொள்ளும்.

சென்னை ராஜதானி இதை எதிர்த்தது. கலகத்தில் தென்னாடு சேரவில்லை. பட்டாளச் செலவைக் குறைக்காமல் ஜனங்கள் தலையில் புது வரியை ஏற்றுவானேன் என்பது ட்ரெவிலியன் வாதம். மார்ச் 4-ம் தேதி, சங்கேத மொழியில் அல்லாமல், தந்திக் குமாஸ்தா எவரும் படித்துவிடக்கூடிய சாதாரணத் தந்தியிலேயே அந்த அதிருப்தி கல்கத்தாவுக்குப் போயிற்று. கல்கத்தா சீறியது. சட்டசபையில் இருந்த சென்னையின் பிரதிநிதி தன் ராஜதானியின் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது என்று வாயை அடைத்தது. ட்ரெவிலியன் என்ன செய்தார் தெரியுமா? தாமும் தம் கவுன்ஸில் அங்கத்தினர்களும் எழுதிவைத்த குறிப்புகளைத் தம் சொந்தப் பொறுப்பில் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார்!

செய்தி லண்டனை எட்டியதும் அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். மேலிடத்துக்குக் கீழ்ப்படியாத கவர்னரை வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்த முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் வெளியிட்டது எந்தச் செட்டியாருடைய பேரேடும் அல்ல. எந்தக் குடியானவனுடைய சொத்துக் கணக்கும் அல்ல. வரி போடுகிறவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது என்பதை, வரி கட்டப் போகிறவர்களுக்குச் சொன்னார். அவ்வளவுதான்.

ரகசியத்தில் இப்படி இரண்டு ஜாதி உண்டு: குடிமகனுடைய ரகசியம் ஒன்று, சர்க்காருடைய ரகசியம் ஒன்று. பிற்காலச் சட்டம் முதலாவதை ஒரு காலத்தில் பூட்டுப் போட்டே வைத்திருந்தது. 1922 வருமான வரிச் சட்டத்தின் 54-வது பிரிவின்படி, வரி கட்டுகிறவர் கொடுத்த கணக்கைக் கோர்ட்டுகூடக் கேட்டு வாங்க முடியாது. வெளியிட்ட ஊழியருக்கு ஆறு மாதம்வரை சிறை உண்டு. ஒளிக்காமல் கணக்குக் கொடு, நாங்கள் ஊருக்குச் சொல்ல மாட்டோம் என்கிற பேரம் அது. 1961 சட்டத்திலும் 137-வது பிரிவாக அது நீடித்தது, 1964-ல் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது ரகசியம் அத்தனை லேசில் அசையவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஜில்லா நீதிபதி ஒருவர், தம்மைப் பற்றிய மந்திரிசபைக் குறிப்புகளையும் சர்வீஸ் கமிஷன் அறிக்கையையும் கேட்டு வழக்காடினார். சோதி சுக்தேவ் சிங் வழக்கு என்று பெயர். தம் தலைவிதியை நிர்ணயித்த காகிதங்கள். அவற்றைக் காட்ட வேண்டியதில்லை என்று 1960 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சுப்பாராவ் மட்டும் மாறுபட்டார்.

2012-ல் இரண்டு ரகசியமும் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தன. ஒரு வருங்கால வைப்புநிதி அதிகாரியின் பணிப் பதிவுகள், அவருக்கு வந்த குற்றக் குறிப்பாணைகள், அவர் கொடுத்த வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டார். எல்லாம் தனிப்பட்ட தகவல், பொதுநலம் பெரிதாக இருந்தாலொழியக் கிடையாது என்றது சுப்ரீம் கோர்ட். வரிக் கணக்கு விஷயத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். அது அவர் வீட்டு விஷயம். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்த வேலையைப் பற்றிய குற்றக் குறிப்பாணை எப்படி வீட்டு விஷயமாகும்? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. 2023-ல் செய்த சட்டத் திருத்தம் அந்த உட்பிரிவில் இருந்த பொதுநல விலக்கையும் வெட்டிவிட்டது. பொதுவான விலக்கு வேறோர் உட்பிரிவில் ஒதுங்கி நிற்கிறது.

ட்ரெவிலியனை நடுவழியில் விட்டுவிட்டேன். அவருக்குப் பதிலாக வந்த சர் ஹென்றி வார்டு, வந்த சில வாரங்களில் காலராவில் இறந்தார். அதே ஆகஸ்டில் வில்ஸனும் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் போனார். வில்ஸன் வகித்த நிதி மந்திரி ஸ்தானத்துக்கு 1863-ல் வந்தவர் யார்? வரியை எதிர்த்து வேலை இழந்த அதே ட்ரெவிலியன்! வந்த வருஷமே நான்கை மூன்றாக்கினார். 1865-ல் வரி கெடு முடிந்து செத்தது. அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. நான்கே வருஷத்தில் அது திரும்பி வந்தது. இடையில் போயும் போயிற்று. கடைசியில் 1886-ம் வருஷச் சட்டத்தினால் நிலையாக உட்கார்ந்துவிட்டது. அந்தச் சட்டம் ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ட்ரெவிலியன் ஜூனில் லண்டனில் காலமானார்.